எழுத்துப்பிழை திருந்தியது, பொய் தங்கியது

எல்லோரும் எழுதிய களஞ்சியம் – 6

2005 மே 29. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு தன்னார்வலர் ஒரு சொல்லைத் திருத்தினார். ‘எர்லி’ என்ற ஆங்கிலச் சொல்லில் எழுத்து பிசகியிருந்தது. சரிசெய்தார், சேமித்தார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மொத்தமே சில வரிகள். அந்தச் சில வரிகளுக்குள், உயிரோடு இருக்கும் ஒரு மனிதர்மீது கொலைச் சந்தேகம் சுமத்தப்பட்டிருந்தது. அதுவும் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி, இருவருடைய கொலையிலும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. கொலைப்பழி படவில்லை.

விக்கிப்பீடியாவின் கதையை இரண்டு பாகமாக வெட்டச் சொன்னால் நான் இந்தப் பக்கத்தில்தான் வெட்டுவேன். இதற்கு முன்னால் இருந்தது நம்பிக்கை. இதற்குப் பின்னால் வந்தவை விதிகள். இன்று அங்கே புதிதாக எழுதப் போகிறவர் முதலில் சந்திக்கும் கேள்வி, ‘சான்று எங்கே?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு இவ்வளவு கூர்மை வந்தது அந்தச் சில வரிகளுக்குப் பிறகுதான்.

சென்ற பகுதியில் நூப்பீடியாவைப் பார்த்தோம். 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் பணம் போட, லாரி சாங்கர் தலைமை ஆசிரியராக இருந்து தொடங்கிய களஞ்சியம் அது. அங்கே ஒரு கட்டுரை வெளியாக ஏழு படி ஏற வேண்டும். துறை அறிந்தவர் எழுத வேண்டும், சக அறிஞர்கள் பார்க்க வேண்டும், பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், மொழி திருத்த வேண்டும். முதல் ஆண்டில் கரையேறியவை சுமார் 20 கட்டுரைகள். 2003-இல் மூடியபோதும் 25-ஐத் தாண்டவில்லை. அதே கூட்டம் 2001 ஜனவரி 15 அன்று பக்கத்திலேயே திறந்துவிட்ட விக்கிப்பீடியா முதல் ஆண்டிலேயே 20,000 கட்டுரைகளை நெருங்கியது. வாசலில் நிறுத்திச் சோதிக்கும் முறை தோற்றது. யார் வேண்டுமானாலும் எழுதட்டும், தப்பிருந்தால் அடுத்து வருகிறவர் திருத்துவார் என்ற முறை வென்றது.

இந்த நம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் என்ற ஆய்வாளர்கள் விக்கிப்பீடியாப் பக்கங்களின் பழைய வடிவங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு வரியும் எப்போது வந்தது, எப்போது போனது என்று வண்ணப் பட்டைகளாக வரைந்து பார்த்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. பக்கத்தை மொத்தமாக அழித்துவிட்டுப் போகும் விசமச் செயல்களில் பாதிக்கு மேற்பட்டவை மூன்று நிமிடத்துக்குள் சரிசெய்யப்பட்டிருந்தன. கெட்ட வார்த்தை எழுதி வைத்தால் அதைவிட வேகம். படித்தவர்கள் வியந்துபோனார்கள். எனக்கும் அந்த எண் இன்றைக்கும் வியப்புத்தான்.

ஆனால், அந்த ஆய்வு எந்த வகைச் சேதத்தை அளந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விக்கிப்பீடியாவில் ‘அண்மைய மாற்றங்கள்’ என்று ஒரு பக்கம் உண்டு. எந்தக் கட்டுரையை, யார், எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்பது அதில் வரிவரியாக ஓடிக்கொண்டே இருக்கும். காவலுக்கு உட்காருகிற தன்னார்வலர் அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கம் காலியானால் தெரியும். வசைச்சொல் வந்தால் தெரியும். இலக்கணம் உடைந்தால் தெரியும். ஒழுங்கான வாக்கியத்தில், நிதானமான குரலில், முற்றுப்புள்ளி வைத்து ஒருவர் பொய் எழுதினால் எப்படித் தெரியும்? அது செய்தியைப் போலவே இருக்கும். அதை மறுக்க அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தாக வேண்டும்.

அந்த மனிதரின் பெயர் ஜான் சீகன்தாலர்.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் ஊர்க்காரர். 1927-இல் பிறந்தவர். ‘தி டென்னசியன்’ நாளிதழில் நிருபராகச் சேர்ந்து ஆசிரியராக உயர்ந்தவர். நடுவில் சில காலம் அரசுப் பணி. அண்ணன் அதிபராகவும் தம்பி ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாகவும் இருந்த 1960-களின் தொடக்கத்தில், தம்பிக்கு நிர்வாக உதவியாளராக இருந்தார். 1961 மே மாதம், கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து தென்மாநிலங்களுக்குப் பேருந்தில் போன ‘சுதந்திரப் பயணிகள்’ அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் தாக்கப்பட்டார்கள். அரசின் சார்பில் அங்கே போயிருந்த சீகன்தாலர், கும்பலிடம் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக் காப்பாற்றப் பார்த்தார். இரும்புக் குழாயால் அவர் தலையில் அடித்தார்கள். நினைவிழந்து தெருவில் கிடந்தார். 1968-இல் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். 1982-இல் ‘யூஎஸ்ஏ டுடே’ நாளிதழ் தொடங்கியபோது அதன் தலையங்கப் பகுதிக்கு முதல் பொறுப்பாசிரியர். 1991-இல் கருத்துச் சுதந்திரத்துக்கென்றே ஒரு மையம் நிறுவியவர்.

தோளில் சுமந்து அடக்கம் செய்த நண்பரின் கொலையில் அவருக்கே நேரடித் தொடர்பு இருக்கலாம் என்று கொஞ்ச காலம் கருதப்பட்டதாம், எதுவும் நிரூபிக்கப்படவில்லையாம். 1971 முதல் 1984 வரை சோவியத் ஒன்றியத்தில் வாழ்ந்தாராம். இப்படிப் போயிற்று அந்தப் பக்கம். ராபர்ட் கென்னடியின் உதவியாளர் என்ற ஒரு செய்தி மட்டுமே அதில் உண்மை. பொய் எழுதுகிறவர்களுக்கு இந்த உத்தி தெரியும். முதல் வரி சரியாக இருந்தால், மற்ற வரிகளை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

மே 26 அன்று எழுதப்பட்ட இந்தப் பக்கத்தை, செப்டம்பரில்தான் ஒரு நண்பர் பார்த்துச் சொன்னார். 78 வயதில் அதைப் படித்த சீகன்தாலர் வேல்ஸைத் தொடர்புகொண்டார். அக்டோபர் 5 அன்று அந்த வரிகள் பழைய வடிவங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. மொத்தம் 132 நாள். அதோடும் முடியவில்லை. விக்கிப்பீடியாவிலிருந்து யாரும் படியெடுத்து வெளியிடலாம் என்பதால் ஆன்சர்ஸ்.காம், ரெஃபரன்ஸ்.காம் தளங்களிலும் அதே வரிகள் இருந்தன. தொலைக்காட்சிச் செய்தியாளரான அவருடைய மகன்தான் அதைக் கண்டு, தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னார். அங்கிருந்து போக இன்னும் மூன்று வாரம் ஆனது.

எழுதியது யார்? கணக்குத் தொடங்காமல் எழுதியவர்களின் பெயருக்குப் பதிலாக, அவர்கள் பயன்படுத்திய இணைய இணைப்பின் எண் அன்று பக்க வரலாற்றில் பதிவானது. அந்த எண் இருந்தது, ஆள் தெரியவில்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனமோ நீதிமன்ற ஆணை இல்லாமல் சொல்ல முடியாது என்றது. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறர் எழுதியதை ஏந்தி நிற்கும் தளத்தின்மீது அவதூறு வழக்கும் போட முடியாது. நவம்பர் 29 அன்று சீகன்தாலர், தான் உருவாக்க உதவிய யூஎஸ்ஏ டுடேயிலேயே எல்லாவற்றையும் எழுதினார். எழுத்துப்பிழையைத் திருத்திய அந்த மே 29 சம்பவத்தையும் அவர்தான் அதில் சுட்டிக்காட்டினார். டிசம்பர் 5 அன்று சிஎன்என் தொலைக்காட்சியில் அவரும் வேல்ஸும் ஒரே நிகழ்ச்சியில் உட்கார்ந்தார்கள்.

விக்கிப்பீடியாவைக் கடுமையாக விமர்சித்துவந்த டேனியல் பிராண்ட், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய், நாஷ்விலிலேயே பொருள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு சிறு நிறுவனத்தில் அது முடிவதைக் கண்டுபிடித்தார். அங்கே வேலை பார்த்த ஒருவர் ஒப்புக்கொண்டார். சீகன்தாலர் குடும்பத்தைத் தெரிந்த சக ஊழியர் ஒருவரை அதிரவைக்க விளையாட்டாக எழுதினேன் என்றார். அந்தத் தளமே கேலிக்காக நடத்தப்படுவது என்று நினைத்திருந்தாராம். மன்னிப்புக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். வேலையையும் விட்டார். சீகன்தாலர் அந்த நிறுவனத்தின் முதலாளியிடம் பேசி, அவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வழக்குப் போடவில்லை. இணையத்துக்கு அரசு கடிவாளம் போட வேண்டும் என்றும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேச்சுரிமைக்காக நின்றவர் அதைக் கேட்கவும் மாட்டார். அடி வாங்கிய ஒருவர் இவ்வளவு நிதானமாக நடந்துகொண்டதால்தான், அந்தச் சமூகம் தன்னைத் தானே திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்தது என்று நினைக்கிறேன். இன்னொருவராக இருந்தால் கதை சட்டமன்றத்துக்குப் போயிருக்கும்.

*

2005 டிசம்பர் விக்கிப்பீடியாவுக்குத் தூக்கமில்லாத மாதம். வேல்ஸ் முதலில் செய்தது ஒரு சிறு பூட்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப் பக்கம் தொடங்க வேண்டுமானால் கணக்கு இருக்க வேண்டும் என்றார். இருக்கிற பக்கத்தைத் திருத்த அது தேவையில்லை. கணக்குத் தொடங்க ஒரு நிமிடம் போதும், மின்னஞ்சல் முகவரிகூடக் கேட்பதில்லை. எனவே இது பொய்யரைத் தடுக்கும் பூட்டு இல்லை. அன்றாடம் ஆயிரக்கணக்கில் பிறந்த புதுப் பக்கங்களைப் பார்த்துச் சலிக்கும் காவலர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் தருவதே நோக்கம். அதே மாதத்தில் ‘பகுதிக் காப்பு’ வந்தது. அடிக்கடி தாக்கப்படும் பக்கங்களைப் புதியவர்களும் பெயரில்லாதவர்களும் தொட முடியாதபடி தற்காலிகமாக மூடிவைக்கும் ஏற்பாடு அது.

டிசம்பர் நடுவில் எழுதத் தொடங்கிய ‘வாழும் மனிதர்கள் பற்றிய கட்டுரைகள்’ என்ற விதிதான் எல்லாவற்றிலும் பெரியது. அதன் உள்ளடக்கம் கறாரானது. உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சர்ச்சைக்குரிய செய்தி, நம்பத்தக்க சான்று இல்லாமல் இருந்தால், உடனே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள உரையாடல் பக்கத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு எடுக்கலாம் என்ற வழக்கமான நாகரிகம் இங்கே செல்லாது. கட்டுரைக்கு மட்டுமன்றி உரையாடல் பக்கத்துக்கும் இதே விதிதான். அதுவரை விக்கிப்பீடியாவில் அழிப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும் என்ற மனநிலை இருந்தது. இந்த விதி சுமையைத் தூக்கி, எழுதுகிறவர் தலையில் வைத்தது.

எழுதியதை வாசகர் சரிபார்க்க முடிய வேண்டும் என்ற ‘மெய்யறிதன்மை’க் கொள்கை 2003-லேயே ஏட்டில் இருந்தது. ஆனால் கையில் கருவி இல்லை. கட்டுரையின் அடியில் நாலு நூல் பெயரைப் போட்டால் போதும் என்று இருந்தார்கள். எந்த வரி எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 2005-இன் கடைசியில் மென்பொருளில் அடிக்குறிப்பு வசதி வந்தது. வாக்கியத்தின் முடிவில் சின்ன எண். அதை அழுத்தினால் அடியில் ஆதாரம். இதோடு, ஆதாரமில்லாத வாக்கியத்தின் முடிவில் ஒட்டும் ‘சான்று தேவை’ என்ற சிறு குறியும் பரவியது. விதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். என் பார்வையில் விக்கிப்பீடியாவின் தரத்தை உயர்த்தியதில் அந்தச் சின்ன எண்ணுக்குத்தான் முதல் இடம். எழுத்துப்பிழை திருத்த வருகிறவர்கூட, எண் இல்லாத வரியில் ஒரு கணம் நிற்பார். பொருள் தெரியாதவரையும் காவலுக்கு நிறுத்த முடிகிற வசதி அது. மே 29 அன்று வந்த அந்தத் தன்னார்வலருக்கு இது கிடைத்திருக்கவில்லை.

அதே டிசம்பரில் இன்னொரு செய்தி வந்து எல்லோருடைய கவனத்தையும் இழுத்தது. ‘நேச்சர்’ அறிவியல் இதழ், விக்கிப்பீடியாவிலும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலும் ஒரே தலைப்புகளில் இருந்த அறிவியல் கட்டுரைகளை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அறிஞர்களிடம் கொடுத்தது. 42 இணைகள் மதிப்பிடப்பட்டன. பெரும்பிழை இரண்டிலும் தலா நான்கு. சிறுபிழைகள் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. சீகன்தாலர் விவகாரத்தில் துவண்டிருந்தவர்களுக்கு இது தெம்பு கொடுத்தது. பிரிட்டானிக்கா ஆய்வு முறையே கோளாறு என்று 2006 மார்ச்சில் நீண்ட மறுப்பு வெளியிட்டது; நேச்சர் பின்வாங்கவில்லை.

இந்த எண்களை இன்றும் விக்கிப்பீடியாவின் அன்பர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அதைவிட ராபர்ட் மெக்ஹென்றி சொன்னதைத்தான் அதிகம் யோசிக்கிறேன். பிரிட்டானிக்காவின் முன்னாள் தலைமை ஆசிரியரான அவர், 2004 நவம்பரிலேயே ஒரு கட்டுரையை எடுத்து அலசினார். அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பற்றியது. அவர் பிறந்தது 1755-ஆ, 1757-ஆ என்பது வரலாற்றாசிரியர்களிடையே தீராத கேள்வி. விக்கிப்பீடியாக் கட்டுரை அதைக் கையாளத் தெரியாமல் தடுமாறியிருந்தது. அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டுரையின் பழைய வடிவம் புதியதைவிட மேலாக இருந்ததை மெக்ஹென்றி கண்டார். பலர் கை பட்டுப் பட்டு, கட்டுரை தேய்ந்திருந்தது. திருத்தங்கள் கூடக்கூடத் தரம் ஏறும் என்ற நம்பிக்கையின் அடிமடியிலேயே கைவைத்த கேள்வி அது. விசமிகள் வேண்டியதில்லை, நல்லெண்ணத்தோடு ஆளுக்கொரு வரி சேர்த்தாலே கட்டுரை கெட்டுப்போகும். முழுக் கட்டுரையையும் மனதில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் பேசி, வேண்டாததை எடுத்து, வேண்டியதைக் கோத்து நிற்கிற ஒரு ஆள் அந்தப் பக்கத்துக்கு வேண்டும். சீகன்தாலர் பக்கத்துக்கும் இல்லாமல் போனது அந்த ஆள்தான்.

2006 மார்ச் 1 அன்று ஆங்கில விக்கிப்பீடியா பத்து லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. ஆகஸ்டில் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் நடந்த, விக்கிப்பீடியர்களின் ஆண்டு மாநாடான விக்கிமேனியாவில் வேல்ஸ், இனி எண்ணிக்கையை விட்டுத் தரத்தில் கவனம் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சிறப்புக் கட்டுரை என்று நட்சத்திரம் பெற்றிருந்த பழைய கட்டுரைகளை மறுபடி சோதித்தார்கள். வரிக்கு வரி சான்று இல்லாத பலவற்றிலிருந்து நட்சத்திரத்தைப் பிடுங்கினார்கள். ஒரு காலத்தில் ‘அருமையான நடை’ என்று பட்டியலில் சேர்த்துக் கொண்டாடியவர்களே அதைச் செய்தார்கள். ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 மே மாதம் இன்னும் ஒரு படி போய், புதியவர் செய்த மாற்றத்தை அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஒப்பிய பிறகே வாசகருக்குக் காட்டுவது என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்ததால், 2012 டிசம்பரில்தான் குறிப்பிட்ட சில பக்கங்களுக்கு மட்டும் நிரந்தரமாக வந்தது.

இந்தக் கண்டிப்புக்கு விலை இருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதம் ஐந்து முறையாவது திருத்துகிறவர்கள் 2007-இல் 51,000 பேர் வரை இருந்தார்கள். 2013-இல் 31,000 பக்கம் இறங்கிவிட்டது. ஏன் என்று ஆராய்ந்த ஆய்வாளர் ஏரன் ஹாஃபேக்கரும் கூட்டாளிகளும் கண்டது வருத்தமானது. விசமிகளைச் சமாளிக்கக் கட்டிய கருவிகளும் விதிகளும், நல்ல மனதோடு வந்த புதியவர்களையும் அடித்து விரட்டியிருந்தன. முதல்முறை எழுதிய வரி அடுத்த நிமிடமே காணாமல் போய், எச்சரிக்கை ஒன்று மட்டும் வந்து நின்றால், எத்தனை பேர் மறுபடி வருவார்கள்? காவலர் கூடக்கூட, நாளைய காவலர் குறைந்தார். அது இன்னும் தீராத சிக்கல்.

*

இந்த வரலாற்றில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கு உருவம் கொடுத்தவர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். தமிழ்நாடு, இலங்கை, கனடா, மலேசியா என்று பல ஊர்களில் இருந்து எழுதினாலும், அன்றாடம் வந்து உட்காருகிறவர்கள் சில பத்துப் பேர்தான். கட்டுரை குறைவு, ஆனால் ஒவ்வொரு கட்டுரையையும் யாராவது ஒருவருக்குத் தெரியும்.

2009 வாக்கில் அந்தச் சிறு கூட்டம் ஒன்றைக் கவனித்தது. முன்பின் தெரியாத கணக்குகளிலிருந்து, ஒரே மூச்சில், மிக நீளமான கட்டுரைகள் வந்து விழுந்தன. திறந்து பார்த்தால் ஆங்கிலக் கட்டுரையின் முழு மொழிபெயர்ப்பு. எழுவாய் ஒரு முனையில், பயனிலை இன்னொரு முனையில், நடுவில் மூச்சுமுட்டும் அடைமொழிகள். ஆங்கிலப் பெயர்கள் அப்படியே ஒலிபெயர்ந்து நின்றன. தகவல் பெட்டி போன்றவற்றை அமைக்கும் வார்ப்புருக்கள் உடைந்திருந்தன. இல்லாத பக்கங்களுக்குப் போகும் சிவப்பு இணைப்புகள் பக்கம் முழுக்க. தலைப்புகளோ தமிழ் வாசகர் தேடி வருபவை என்று சொல்ல முடியாத அமெரிக்கப் பொழுதுபோக்கு உலகத்துச் சங்கதிகள் நிறைய. உரையாடல் பக்கத்தில் போய், ‘வணக்கம், இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. எழுதியவர் மறுபடி அந்தப் பக்கத்துக்கு வருவதே இல்லை.

பின்னால் இருந்தது கூகுள். தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி, சம்பளத்துக்கு ஆள் வைத்து, இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல இந்திய மொழிகளிலும் அரபு, சுவாகிலி மொழிகளிலும் விக்கிப்பீடியாக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும் திட்டம் அது. 2010 ஜூலையில் கூகுளே சொன்ன கணக்குப்படி, எல்லா மொழிகளிலுமாக ஒரு கோடியே அறுபது லட்சம் சொற்கள். சிறு மொழிகளுக்கு அறிவுச் செல்வம் சேர்ப்பதுதான் நோக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளுக்கு ஆள் இல்லை. சீகன்தாலர் பக்கத்தில் பொய் இருந்தது. இங்கே பொய் இல்லை, சான்றும் இருந்தது. இருந்தும் நோய் ஒன்றே. எழுதியவர் பக்கத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பத்துப் பேர் காவல் காக்கும் ஊருக்குள் ஒரே நேரத்தில் நூறு அநாதைகளைக் கொண்டுவந்து விட்டால் யார் பார்ப்பது?

வங்காள விக்கிப்பீடியர்கள் இந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் வேறு வழியில் போனார்கள். வேலையை நிறுத்தச் சொன்னார்கள்; கூகுளிடம் நேரடியாகப் பேசினார்கள். ஏற்கெனவே போட்டதை முதலில் திருத்துங்கள், பிறகு புதிது போடலாம் என்றார்கள். எந்தத் தலைப்பு தேவை என்பதைச் சமூகம் சொல்லும் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் உரையாடல் பக்கத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். 2010 ஜூலையில் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியாவில், தமிழ் விக்கிப்பீடியாவின் சார்பில் இந்த அனுபவம் முழுவதும் உலகத்தின் முன் வைக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய தேடுபொறி நிறுவனம் இலவசமாகத் தரும் கட்டுரையை, தரம் போதாது என்று சம்பளமில்லாத சில பத்துப் பேர் நிறுத்திவைத்தார்கள். கட்டுரை எண்ணிக்கையில் மற்ற இந்திய மொழிகளோடு போட்டி இருந்த காலம் அது. எண்ணிக்கை ஏறுவதை வேண்டாம் என்று சொல்லத் துணிவு வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான்.

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னாளில் இன்னொரு சிறு மொழி காட்டியது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில், அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பதின்ம வயதுப் பையன், ஆங்கிலச் சொற்களை எழுத்து மாற்றி மாற்றிப் போட்டு 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தது 2020 ஆகஸ்டில் வெளியே வந்தது. கெட்ட எண்ணம் இல்லை. ஏழெட்டு ஆண்டு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவரையே நிருவாகியாகவும் ஆக்கியிருந்தார்கள். அந்த மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் திரண்டு வந்து துப்புரவு செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் கதையை அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

ஜான் சீகன்தாலர் 2014 ஜூலை 11 அன்று நாஷ்விலில் காலமானார். அவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் இப்போது வரிக்கு வரி அடிக்குறிப்பு இருக்கிறது. அந்தப் பொய்ப் பக்கத்தின் வரலாற்றுக்கென்றே தனிக் கட்டுரையும் இருக்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதன்பின்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. காவலுக்கு இருப்பவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. இந்த வாரம் உங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே வரலாறு என்று இருப்பதை அழுத்தி, கடைசியாக அதை யார், எப்போது தொட்டார்கள் என்று பாருங்கள். எண் இல்லாத ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மாவட்ட நூலகத்தில் இருக்கும் கெசட்டியரையோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூலையோ, ஊரைப் பற்றி ஓர் ஆய்வாளர் எழுதிய நூலையோ புரட்டி, அந்த வரி சரிதானா என்று பாருங்கள். சரியென்றால் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் சேருங்கள். தவறென்றால் திருத்துங்கள். கணக்குத் தொடங்கிச் செய்யுங்கள். அப்போதுதான் பக்கத்தின் மேலே இருக்கும் நட்சத்திரக் குறியை அழுத்தி, அதை உங்கள் கவனிப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ள முடியும். அதன்பின் யார் அதைத் தொட்டாலும் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

(தொடரும்)